சிமெண்ட் இல்லாமல் கட்டிய பழைய கல் பாலங்கள் எப்படி இன்னும் நிற்கின்றன?

மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பழைய பாலத்தில் மணல் லாரி போகிறதே, அது எப்படித் தாங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு கல் சுவர்களின் மேல் நீளமான கல்பலகைகள் கிடத்தியிருந்தால், அது வாய்க்கால் அகலத்துக்கு மட்டுமே சரிப்படும். கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைந்தால் ஒடிந்துவிடும்.

அடியில் அரைவட்ட வளைவு இருந்தால் கதையே வேறு. மரச்சாரம் கட்டி, அதன்மேல் ஆப்பு வடிவக் கற்களை இரு கரையிலிருந்தும் அடுக்கி வருவார்கள். உச்சியில் நடுக்கல் இறுகிய பிறகே சாரத்தைப் பிரிப்பார்கள். மேலே வரும் பாரம் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு நெருக்கி, கரைச்சுவருக்குக் கடத்துகிறது. இடையில் உள்ள சுண்ணாம்புச் சாந்து ஒட்டுவதைவிட, பாரத்தைச் சீராகப் பரப்பவே அதிகம் உதவுகிறது.

இதன் பெரிய உருவம் வேண்டுமென்றால் மதுரை கோரிப்பாளையம் போங்கள். விக்டோரியா அரசியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் பெயரில் 1889-இல் திறந்த ஏ.வி. பாலம் இப்படிப்பட்ட வளைவுகளின் வரிசைதான். வைகையில் வெள்ளம் வந்தால் தாழ்வான யானைக்கல் கல்பாலம் மூழ்கிவிடும். இது மேலே நிற்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அதன்மேல் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் லாரிக்குப் பயப்பட மாட்டார்கள்!

உங்கள் ஊர்ப் பாலத்துக்கு உண்மையான எதிரி லாரியைவிட, கல்லிடுக்கில் முளைக்கும் அரசமரக் கன்றும் அடித்தளத்தை அரிக்கும் நீரும்தான். கன்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுக்கச் சொல்லுங்கள்.