ராணி தலைக் காசு

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 34 வயது, திருப்பூரில் வேலை. சொந்த ஊர் மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். எங்கள் வீட்டில் ஒரு புதையல் கதை உண்டு. எங்கள் முன்னோர் ஒருவர், மதுரையை ஆண்ட மருதநாயகம் என்கிற கான்சாகிபுவிடம் மதுரைக் கோட்டையில் தானியக் கணக்கு பார்த்தாராம். கோட்டை விழப்போகிறது என்று தெரிந்ததும் இரண்டு பித்தளைத் தவலை நிறையப் பவுன் காசை வைக்கோல் வண்டியில் மறைத்துக் கொண்டுவந்து, எங்கள் பழைய வீட்டுக் கிணற்றுமேட்டில் புதைத்தாராம். அதில் ஒரு தவலையைப் பெரிய வீட்டுப் பங்காளிகள் ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டி எடுத்துவிட்டார்கள், இன்னொன்று மண்ணுக்குள்தான் இருக்கிறது என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பத்தாவின் மாமியார் அந்தக் காசில் ஒன்றைக் கண்ணால் பார்த்தவராம். ஒரு பக்கம் ராணி தலை போட்டிருந்ததாம்.

தாத்தா ஒரு கோடு போட்ட நோட்டில் எங்கள் வம்சாவளியை எழுதி வைத்திருக்கிறார். கணக்குப் பார்த்தவரிலிருந்து என்வரை ஏழு தலைமுறை, எல்லாம் பெயர் மட்டும்தான். இதை வைத்துப் பழைய பதிவேடுகளில் தேடினால் கதை உண்மையா என்று தெரியுமா? எங்கே தேடுவது? இதற்கிடையில் சித்தப்பா மை போட்டுப் பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்துவிட்டார். அவர் 30,000 ரூபாய் கேட்கிறார்.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எடுத்துவிட்டேன்.)

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 30,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வெற்றிலையில் மையைத் தடவி உள்ளே தவலை தெரிகிறது என்று சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் போதும். அடுத்து ஒரு கறுப்புச் சேவல் கேட்பார், அப்புறம் அமாவாசை, அப்புறம் இன்னொரு 30,000.

சரி, கதைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது தவலை இல்லை, அந்த ராணி தலை.

கான்சாகிபுவை மதுரையில் தூக்கிலிட்டது 1764 அக்டோபர் 15. அன்றைக்கு இங்கிலாந்தை ஆண்டவர் மூன்றாம் ஜார்ஜ், ஆண்பிள்ளை. ராணி தலை போட்ட தங்கக் காசு நம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மருமகள் கையில் இருந்தது என்றால் அது விக்டோரியா காசாகத்தான் இருக்க வேண்டும். அந்த அம்மா பட்டத்துக்கு வந்ததே 1837ல். நாம் பவுன் என்று சொல்லும் சாவரின் காசு அச்சாகத் தொடங்கியதும் 1817ல்தான். கான்சாகிபு காலத்து மதுரையில் தங்கம் என்றால் வராகன் என்ற தங்கக் காசும், பணம் என்ற சின்னத் தங்கக் காசும்தான். சென்னை ராஜதானி வராகனை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறியது 1818ல். வராகனில் இருந்த அம்மன் உருவத்தைத்தான் ராணி என்று சொல்லியிருப்பார்களோ என்று நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆனால் வராகனில் சாமி முழு உருவமாக இருக்கும், தலை மட்டும் இருக்காது. கிழவி "தலை" என்று சொல்லியிருக்கிறார். கண்ணால் பார்த்தவர் சொல்லும் சொல்லை நான் நம்புவேன்.

வைக்கோல் வண்டியைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. 1764 நடுவில் கோட்டையை நேரடியாகத் தாக்கித் தோற்ற பிறகு, கும்பினிப் படையும் (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆற்காட்டு நவாபு படையும் சுற்றிவளைத்துப் பட்டினி போட்டார்கள். உள்ளே சாப்பாடு தீர்ந்துபோனது. அந்த நேரத்தில் ஒரு வண்டி வைக்கோல் கோட்டைக்குள் இருந்திருந்தால் குதிரைகள் அதை வெளியே போகவே விட்டிருக்காது.

இப்போது தாத்தாவின் நோட்டு. கணக்குப் பார்த்தவருக்கு 1764ல் முப்பது வயது என்று வைத்துக்கொள்வோம். அவர் பிறந்ததற்கும் நீங்கள் பிறந்ததற்கும் நடுவே சுமார் 255 வருடம். ஏழு தலைமுறை என்றால் இடைவெளி ஆறு. அப்படியானால் உங்கள் முன்னோர் ஒவ்வொருவரும் சொல்லிவைத்தாற்போல 42, 43 வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். இருபதில் கல்யாணம் முடிந்த காலம் அது. தலைமுறைக்கு 25லிருந்து 30 வருடம் என்று நியாயமாகக் கணக்குப் போட்டால், நோட்டில் முதல் ஆளாக இருப்பவர் பிறந்தது 1810க்கும் 1840க்கும் நடுவில் வருகிறது. அவர் கான்சாகிபுவைப் பார்த்திருக்க முடியாது. விக்டோரியா காசைத் தாராளமாகப் பார்த்திருக்கலாம்.

உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் நம் வம்சாவளியில் இரண்டே பெயர் மாறிமாறி வரும். கருப்பன் மகன் சின்னான், சின்னான் மகன் கருப்பன், அவன் மகன் மறுபடி சின்னான். எழுதுகிறவர் நடுவில் ஒரு கருப்பனையும் ஒரு சின்னானையும் விட்டுவிட்டால் ஐம்பது அறுபது வருடம் காணாமல் போகும், சங்கிலி அறுந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே பெயரை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. வருடம் போட்ட காகிதம் வேண்டும்.

தாத்தா அந்த நோட்டை எந்த வருடம், எதற்காக எழுதினார் என்று வீட்டில் கேட்டீர்களா? சும்மா உட்கார்ந்து வம்சாவளி எழுதுகிறவர் நம்மில் குறைவு. பழைய சுவடிகளைத் திரட்டிய கும்பினிச் சர்வே அதிகாரி காலின் மெக்கன்சி சேகரித்தவற்றில் பாளையக்காரர் வம்சாவளிகள் நிறைய உண்டு. முன்னோர் புலியைக் கொன்றது, ராஜா பட்டம் கொடுத்தது என்று போகும் அவற்றைப் படித்தால் பாதி வரலாறு, பாதி மனு என்று தோன்றும். எனக்கு இன்ன பாத்தியதை உண்டு என்று புதிதாக வந்த சர்க்காருக்குச் சொல்லும் மனு.

இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். அம்மா வழி ஊர் திருமங்கலம் பக்கம். அங்கே எங்கள் சின்னத்தாத்தாவுக்கு உழும்போது புதையல் கிடைத்தது, அதில்தான் மச்சு வீடு கட்டினார் என்று ஊரே சொல்லும். இருபது வருடம் முன்பு ஒரு பாகப்பிரிவினைப் பேச்சில் அந்த வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தார்கள். நாலாக மடித்த ஒரு கிரயப் பத்திரம், 1934. மடிப்பு விட்டுப்போன இடத்தில் யாரோ செலோடேப் ஒட்டி, டேப் மஞ்சளாகி, அதன் அடியில் இருந்த வரி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் செய்து சம்பாதித்த சுயார்ஜிதப் பணத்தில் வாங்கியது, இதில் வேறு யாருக்கும் பாத்தியமில்லை என்று அழுத்தி எழுதியிருந்தது.

அந்த "சுயார்ஜிதம்" யாரைப் பார்த்து எழுதியது? கூடப் பிறந்தவர்களைப் பார்த்து. பர்மாவில் சம்பாதித்தது என்றால் அண்ணன் தம்பிக்குப் பங்கில்லை. ஆனால் அப்பன் நிலத்தில் கிடைத்த தவலை என்றால் அது பிதுரார்ஜிதம், அதாவது அப்பன் வழிச் சொத்து, எல்லோருக்கும் பங்கு உண்டு. புதையல் கதையைப் பரப்பியது யார் என்று விசாரித்தால், மச்சு வீடு கட்டாத கிளைக்காரர்கள் நாங்கள்தான். பத்திரம் எழுதத் தெரிந்தவர் பத்திரம் எழுதினார், எழுதத் தெரியாதவர்கள் கதை சொன்னார்கள். இரண்டுமே ஒரே வழக்கில் வாதி பிரதிவாதி.

மேலூரைத் தாண்டினால் சிவகங்கைச் சீமை. அங்கே ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829ல் இறந்தபின் நடந்ததும் இதே வழக்குதான், அளவு மட்டும் பெரிது. ஜமீன் அவரே சம்பாதித்ததா, அண்ணன் கிளைக்கும் சேர்ந்த குடும்பச் சொத்தா? அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863ல்தான் அது அவருடைய சுயார்ஜிதம் என்று சொல்லி மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ந்தது. இப்படிப்பட்ட வழக்குக் கட்டுகளில் இருக்கும் வம்சாவளி நம் நோட்டுகளைவிட உறுதியானது. ஒரு பக்கம் விட்டதை மறுபக்கம் பிடித்துவிடும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. கனடாவில் ஓக் தீவு என்று ஒரு புதையல் தீவு. 1795ல் மூன்று பையன்கள் தற்செயலாக ஒரு பள்ளத்தைக் கண்டார்கள் என்று கதை. அச்சில் ஏறியது அறுபது வருடம் கழித்து. ஆட்கள் செத்தும் தோண்டல் நிற்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தால் அந்தப் "பையன்"களில் ஒருவர், ஜான் ஸ்மித், அதே 1795ல் அந்த நிலத்தையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பெரிய வீட்டுக்காரர்கள் ஒரு தவலையை எடுத்துவிட்டார்கள் என்ற வரிதான் கதையின் உயிர். என் ஊகம் இது. தாது வருஷப் பஞ்சத்தில், 1876லிருந்து 78 வரை, சோற்றுக்கு நிலத்தை விற்றவர்கள் மதுரைச் சீமை முழுக்க உண்டு. 1895ல் பெரியாறு அணை திறந்து மேலூர்ப் பக்கம் கால்வாய்த் தண்ணீர் வந்தது. வானம் பார்த்த புஞ்சை நஞ்சையானது. பஞ்சத்தில் விற்ற கிளை ஒன்று, வாங்கிப் போட்ட கிளை ஒன்று என்றிருந்தால், இருபது வருடத்தில் ஒரு வீடு மச்சு வீடாகும், இன்னொரு வீட்டுத் திண்ணையில் கதை பிறக்கும். பவுன், ராணி தலை எல்லாம் அந்தக் காலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், சரிபார்க்க வழி இருக்கிறது.

பெரிய வீட்டு நஞ்சையின் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போடுங்கள். கணினியில் வருவது பிந்தைய காலம்தான், பழைய புத்தகங்களைக் கையால் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும், ஒரு நாளில் நடக்காது. உங்கள் குடும்பத்தில் கோயில் ஊழியத்துக்கோ கணக்கு வேலைக்கோ மானிய நிலம் இருந்திருந்தால், 1858ல் வந்த இனாம் கமிஷன் எழுதிய பதிவேட்டைத் தேடுங்கள். யார் கொடுத்தது, யார் அனுபவிக்கிறார், அவருக்கு வாரிசு யார் என்று கட்டம் கட்டி எழுதியிருக்கும். கணக்குப் பார்த்தவர் என்ற பேச்சு உண்மையானால் அங்கே அகப்படுவார். பிறப்பு இறப்புப் பதிவேடு அவ்வளவு உதவாது, பெயரே இல்லாமல் "ஆண் குழந்தை, தகப்பன் இன்னார்" என்று மட்டும் இருக்கும் பதிவுகள் ஏராளம். அதைவிடக் குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு மேல். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் வரி கட்டியாக வேண்டும், வருஷமும் போட்டிருப்பார்கள். பூசாரியிடம் பவ்யமாகக் கேளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தர வேண்டும். என் முன்னோர் புதைத்தது என்று உரிமை கேட்கலாம், ஆனால் கண்டெடுத்த நாளுக்கு முந்தைய நூறு வருடத்துக்குள் புதைத்ததாக இருக்க வேண்டும். 1764 என்று நீங்கள் நிரூபித்தால் உங்கள் வம்சாவளிக்கு அங்கே மதிப்பே இல்லை. கதை உண்மையாக ஆக உரிமை போகும். சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நோட்டில் ஏழு ஆண்கள் பெயர் இருக்கிறது. கதையைக் கொண்டுவந்து சேர்த்ததோ இரண்டு பெண்கள், மாமியார் மருமகளுக்குச் சொன்னது. அவர்கள் பெயர் நோட்டில் உண்டா? காசைப் பார்த்த அந்த மாமியார் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார்? கான்சாகிபு, கோட்டை, வண்டி எல்லாம் அவர் பிறந்த வீட்டுக் கதையாக இருந்து, இங்கே வந்து உங்கள் கிணற்றுமேட்டில் வேர் பிடித்திருக்கலாம். அந்த ஊர்ப் பெயர் உங்கள் பெரியத்தைமார் யாருக்காவது நினைவிருக்கும். கேட்டு எழுதுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்