அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துப் பாலைவனப் பள்ளத்தாக்குல நாலு நாள் கேம்ப் போட்டா பசங்களுக்கு போர் அடிக்காதா?

பாறையைத் தவிர அங்க என்ன இருக்கு, சின்னப் பசங்களை வச்சுக்கிட்டு நாலு நாள் எப்படி ஓட்டறதுன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். யூட்டால அஞ்சு நேஷனல் பார்க் இருக்கு, அஞ்சையும் ஒரே ட்ரிப்ல பாத்துடணும்னு கிளம்பாதீங்க. நாங்க முதல் தடவை அப்படித்தான் போனோம், பாதி நேரம் கார்லயே போச்சு, பசங்க பின்சீட்ல தூங்கிட்டாங்க. அடுத்த வருஷம் கேப்பிடல் ரீஃப் பார்க்ல இருக்கற ஃப்ரூட்டா கேம்ப்கிரவுண்ட்ல மட்டும் நாலு நாள் டென்ட் போட்டோம், அதுக்கப்புறம் நாங்க வேற எங்கயும் தேடல.

சுத்தி செவப்புப் பாறைச் சுவர், நடுவுல ஃப்ரீமான்ட் ஆறு, கரையில பழத்தோட்டம். 1880கள்ல ஃப்ரூட்டாங்கற இந்த ஊர்ல குடியேறின மார்மன் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பங்க ஆரம்பிச்ச தோட்டம் இது, இப்போ அந்த ஊர்க்காரங்க யாரும் அங்க இல்ல, பார்க் ஆளுங்களே மரங்களைப் பாத்துக்கறாங்க, கிட்டத்தட்ட 2,000 மரம். செர்ரி ஜூன்ல, ஆப்ரிகாட் ஜூலை வாக்குல, பீச் ஆகஸ்ட்ல, ஆப்பிள் செப்டம்பர்ல. பறிக்கலாம்னு போர்டு வச்சிருக்கற தோட்டத்துல உள்ள போய் நின்னு எவ்வளவு வேணா சாப்பிடலாம், காசு கிடையாது, வெளிய எடுத்துட்டுப் போனாதான் நீங்களே தராசுல நிறுத்து பெட்டியில காசு போடணும். கடையில வாங்கிக் குடுத்தா ஆப்ரிகாட்டை முகர்ந்து பாத்துட்டு வச்சுடற என் பொண்ணு, அங்க வெயில்ல சூடேறி இருந்த பழத்தை கிளையில இருந்து பறிச்சு அப்படியே கடிச்சா, சாறு முழங்கை வரைக்கும் வழியுது, துடைக்கக்கூட இல்லாம அடுத்த பழத்துக்கு கையை நீட்டறா. சாயந்திரம் ஆனா மான்கள் வந்து அதே மரத்தடியில உதிர்ந்ததைத் தின்னும், கிட்ட போகாம பாக்கணும்.

நடக்கறதுக்கு கேம்ப்கிரவுண்ட் எதிர்லயே கோஹாப் கேன்யன் பாதை ஆரம்பிக்குது. முதல் கால் மைல் செங்குத்தா ஏத்தம், பசங்க முணுமுணுப்பாங்க, விட்டுடாதீங்க, மேல ஏறினதும் பாறைக்கு நடுவுல ஒரு ஒளிஞ்ச பள்ளத்தாக்கு, சுவர் பூரா தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் கையை விடாதீங்கன்னு மட்டும் சொல்லி வைங்க, பூச்சி பொட்டு இருக்கும். காலை ஆறு, ஆறரைக்கே கிளம்பிடணும், பத்து மணிக்கு மேல அந்த ஏத்தத்துல நிழலே கிடையாது. ஹிக்மன் பிரிட்ஜும் பசங்களோட போகலாம், போக வர ரெண்டு மைலுக்குள்ள, பாறையிலயே அரிச்சு உண்டான 133 அடி அகலப் பாலம், அடியில நின்னு அண்ணாந்து பாக்கணும்.

24ஆம் நம்பர் ஹைவே ஓரத்துலயே பாறையில செதுக்கின உருவங்க இருக்கு. சுமார் கி.பி. 300ல இருந்து 1300 வரைக்கும் அங்க வாழ்ந்த ஃப்ரீமான்ட் பழங்குடி மக்கள் செதுக்கினது, கொம்பு வச்ச ஆடு, தலையில ஏதோ அணிஞ்ச மனுஷங்க. மரப்பலகை நடைபாதையில நின்னு பாக்கணும், தொடக்கூடாது. எங்க பையன் பைனாகுலரை வச்சுக்கிட்டு ஆடு எண்ணிட்டு நகரவே இல்ல.

மத்தியானம் ஊர் சுத்தாதீங்க. ஆத்தோரம் மர நிழல்ல பாய் விரிச்சு புளியோதரையை சாப்பிட்டுட்டு, தண்ணி கம்மியா இருந்தா பசங்களை கணுக்கால் அளவு தண்ணில விளையாட விடுங்க, அதுவே அவங்களுக்கு அன்னிக்கு பெரிய விஷயம்.

இப்ப சொல்லப்போறதை தயவுசெஞ்சு சாதாரணமா எடுத்துக்காதீங்க. ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் திடீர் வெள்ளம் வரும். உங்க தலைக்கு மேல மேகமே இருக்காது, பல மைல் தள்ளிப் பெய்யற மழை குறுகலான பள்ளத்தாக்குல சுவர் மாதிரி இறங்கும், ஏன்னா அங்க பாறையும் இறுகின மண்ணும் தண்ணியை உறிஞ்சாது. பார்க்ல கேப்பிடல் கோர்ஜ்னு ஒரு குறுகலான பள்ளத்தாக்கு இருக்கு, அதுக்குள்ள நடந்தப்போ என் தலைக்கு மேல பாறை இடுக்குல காஞ்ச மரக்கட்டை ஒண்ணு சொருகி நிக்கறதைப் பாத்தேன், தண்ணி எவ்வளவு உசரம் வந்திருக்கும்னு அப்பதான் உறைச்சுது, பொண்ணு கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி விசிட்டர் சென்டர்ல ரேஞ்சர்கிட்ட மழை பத்தி கேட்டுட்டுத்தான் போகணும், வேணாம்னு சொன்னா வேணாம். (அந்தக் கோர்ஜ்லதான் 1962 வரைக்கும் மெயின் ரோடே போச்சுன்னா நம்ப முடியுதா, சுவர்ல 1871லயே வழிப்போக்கங்க செதுக்கின பேரெல்லாம் இருக்கு.)

ராத்திரி டார்ச்சை அணைச்சுட்டு இருபது நிமிஷம் சும்மா படுங்க, கண்ணு பழகட்டும். 2015ல இருட்டு வானத்துக்காக சர்வதேச அங்கீகாரம் வாங்கின பார்க் இது, நிலா இல்லாத நாளா பாத்துப் போனா பால்வீதி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தெரியும். பகல்ல அவ்வளவு வெயில் அடிச்சாலும் 5,500 அடி உசரம்ங்கறதால ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் வேணும்.

கேம்ப்கிரவுண்ட்ல தங்க மொத்தம் 71 இடம். டாய்லெட், குடிதண்ணி உண்டு, குளிக்க வசதி இல்ல, கரன்ட் இல்ல. பக்கத்து ஊர் டோரி, 11 மைல். நடக்கக் கிளம்பறப்போ தேவைக்கு மேலயே தண்ணி தூக்கிட்டுப் போங்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட நாலு லிட்டர்னு வச்சுக்கோங்க. என்னைக் கேட்டா செப்டம்பர் கடைசி வாரம் போங்க, ஆப்பிள் இருக்கும், வெயிலும் தணிஞ்சிருக்கும். ஆறு மாசம் முன்னாடி புக்கிங் திறக்கும், மார்ச் கடைசியில காலைலயே ஃபோனும் கையுமா உக்காந்துடுங்க.