கால் கேட்கும் பாட்டு: சிகாகோ ஃபுட்வொர்க் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க நகரங்களின் கிளப் இசை பற்றி வந்த கடிதங்களில் சிகாகோவின் ஃபுட்வொர்க் குறித்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். ஆட்டம், தாளம், தயாரிப்பு மூன்றைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள்.

ஃபுட்வொர்க் என்பது ஆட்டத்தின் பெயரா, பாட்டின் பெயரா? — கல்லூரி மாணவர், மதுரை

இரண்டுக்கும் அதே பெயர்தான். ஆனால் மூத்தது ஆட்டம். சிகாகோவின் தெற்கு, மேற்குப் பகுதிக் கறுப்பின இளைஞர்கள் காலால் போட்டி போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால்களுக்கு ஈடுகொடுக்கும் பாட்டு பிறகு வந்தது. அதைச் செய்தவர்களில் பலர் முதலில் ஆட்டக்காரர்கள். டிஜே ரஷாட், டிஜே ஸ்பின் இருவருமே ஹவுஸ்-ஓ-மேட்டிக்ஸ் என்ற ஆட்டக்குழுவில் ஆடியவர்கள். அதனால்தான் இந்தப் பாட்டைச் சோபாவில் சாய்ந்து கேட்டால் பாதி புரியாது. எங்கே காலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே கேட்க வேண்டும்.

ஹவுஸ் இசை தெரியும். அதிலிருந்து இது எப்படிக் கிளைத்தது? சற்று விரிவாகச் சொல்லுங்கள். — வாசகர், புதுச்சேரி

1977இல் சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே இசைத்தட்டு சுழற்றினார். டிஸ்கோ, சோல், ஐரோப்பிய எலெக்ட்ரானிக் பாட்டு எல்லாம் கலந்து ஓடிய அந்த அரங்கின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்ற பெயர் வந்ததாகச் சொல்வது வழக்கம். எண்பதுகளின் நடுவில் உள்ளூர்ப் பையன்கள் டிரம் மெஷின் வாங்கித் தாங்களே பாட்டு செய்யத் தொடங்கினார்கள். வேகம் நிமிடத்துக்கு 120 பீட்டை ஒட்டி இருந்தது.

அந்த ஹவுஸ் ஐரோப்பாவுக்குப் போய்ப் பெரிய வியாபாரமானது. ஊரில் தங்கியது வேறு ஒரு ஹவுஸ். கிளப்புக்குள் நுழைய வயது போதாத பிள்ளைகள் ஸ்கேட்டிங் அரங்குகளிலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும் வாடகை மண்டபங்களிலும் ஆடினார்கள். அவர்களுக்குப் பாடல் வரிகளும் பியானோவும் தேவைப்படவில்லை, அடி போதும். 1985இல் தொடங்கப்பட்டு, பிறகு ரே பார்னி நடத்திய டான்ஸ் மேனியா நிறுவனம் இந்த வகைத் தட்டுகளைத் தொண்ணூறுகளில் வரிசையாக வெளியிட்டது. டிஜே டீயான், டிஜே மில்டன், டிஜே ஃபங்க், பால் ஜான்சன், ஜாமின் ஜெரால்ட் ஆகியோர் அதன் முக்கியப் பெயர்கள். டிரம் மெஷின், ஒரு பேஸ் வரி, திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு கூவல், அவ்வளவுதான் பாட்டு. கூவல்கள் பெரும்பாலும் பச்சையானவை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஒலிபெருக்கியில் போட்டுப் பார்க்க வேண்டாம். இதற்கு கெட்டோ ஹவுஸ் என்று பெயர்.

ஆட்டக்குழுக்கள் இதற்கு இணையாக வளர்ந்தன. ரானி ஸ்லோன் 1985இல் தொடங்கிய ஹவுஸ்-ஓ-மேட்டிக்ஸ் அவற்றில் மூத்தது. 1929 முதல் தெற்குப் பகுதியில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் பட் பில்லிகன் ஊர்வலத்தில் இப்படிப்பட்ட குழுக்களைப் பார்க்கலாம்.

வேகம் ஏறியது ஆட்டக்காரர்களால். வேகமான கால்கள் வேகமான பாட்டைக் கேட்டன. டிஜேக்கள் தட்டைச் சுழற்றும் கருவியின் வேகக் கட்டையை மேலே தள்ளினார்கள். அந்தக் கட்டை பொதுவாக 8 சதவீதம் வரை ஏறும். 148இல் செய்த பாட்டை அதன் உச்சிக்குத் தள்ளினால் ஏறக்குறைய 160 வந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் இது ஜூக் என்ற பெயரில் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அதே வேளையில் ஆர்பி பூ என்ற டிஜே, சீரான நான்கு அடியை உடைத்துப்போட்டார். 1997இல் அவர் செய்த ‘பேபி கம் ஆன்’தான் முதல் ஃபுட்வொர்க் பாட்டு என்று பலரும் சொல்வார்கள். 1999இல் காட்ஸில்லா படத்தின் ஊதுகருவி இசையை வெட்டி ஒட்டி அவர் செய்த இன்னொரு பாட்டு, போட்டிக் களத்தில் எதிராளியை மிரட்டுவதற்கென்றே பிறந்தது போல இருக்கும்.

வெளியுலகம் இதைக் கவனிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 2010இல் இங்கிலாந்தின் பிளானெட் மூ நிறுவனம் ‘பேங்ஸ் அண்ட் வொர்க்ஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. 2013இல் ஹைப்பர்டப் வெளியிட்ட ரஷாடின் ‘டபுள் கப்’ தொகுப்போடு உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ரஷாட் 34 வயதில் இறந்துபோனார்.

ஜூக்குக்கும் ஃபுட்வொர்க்குக்கும் என்ன வேறுபாடு? — வாசகி, ஈரோடு

ஜூக் கொண்டாட்டத்துக்கு, ஃபுட்வொர்க் போட்டிக்கு. ஜூக்கில் கிக், அதாவது டிரம்மின் கனத்த கீழ் அடி, சீராக விழும், யாரும் இடுப்பை அசைக்கலாம். ஃபுட்வொர்க்கில் கிக் எதிர்பார்த்த இடத்தில் விழாது. பழகாதவர் ஆட எழுந்தால் திரும்ப உட்கார்ந்துவிடுவார்.

மிருதங்கம் கற்கிறேன். இந்தப் பாட்டு ஒரே நேரத்தில் மெதுவாகவும் வேகமாகவும் கேட்கிறது. தாளம் எப்படிப் போடுவது? — வாசகர், கும்பகோணம்

மிருதங்கக்காரருக்கு இதை விளக்குவது எளிது. 160 பீட் என்பது கணக்குக்கு. நீங்கள் கையில் 80க்குத் தாளம் போடுங்கள். கைத்தட்டல் ஒலி பெரும்பாலும் அந்த மெதுவான தாளத்தோடு நிற்கும். டிரம் இரண்டாம் காலத்தில் ஓடும். பாட்டுக்குள் இரண்டு காலமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆடுபவர் நினைத்தபோது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம்.

இனிக் கிக். 160இல் நான்கு பீட் கொண்ட ஒரு ஆவர்த்தம் 1.5 நொடி. ஒரு பீட்டுக்கு நான்கு அட்சரம் என்று வைத்தால் ஆவர்த்தத்துக்கு 16. இந்தப் பதினாறைத் தகிட தகிட தகிட தகிட தகதிமி என்று பிரித்து, ஒவ்வொரு ‘த’விலும் கிக்கைப் போடுங்கள். 1, 4, 7, 10, 13 என்ற இடங்களில் விழும். நீங்கள் கேட்டுக் குழம்பிய பாட்டுகளில் பாதிக்கு அடியில் இந்தக் கணக்கோ இதன் உறவுகளோ இருக்கும். கைத்தட்டலை மூன்றாம் பீட்டில், அதாவது 9ஆம் அட்சரத்தில் கேட்பீர்கள். மூன்று மூன்றாக நகரும் கிக் அந்த இடத்தைத் தாண்டிப் போகும். அந்த உரசல்தான் சுவை.

சில பாட்டுகளில் நடையே திஸ்ரத்துக்கு மாறும். அப்போது பீட்டுக்கு மூன்று, ஒவ்வொன்றும் 125 மில்லி நொடி. சதுஸ்ரத்துக்குள் மூன்றாகப் பிரிப்பதும் திஸ்ர நடையும் வேறு வேறு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இணையத்தில் எழுதுபவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

கணினியில் செய்து பார்க்கிறேன். எல்லாம் சரியாக வைத்தும் ஒரே இரைச்சலாக வருகிறது. எங்கே தவறு? — வாசகர், சென்னை

உங்கள் 808 (ரோலண்ட் டிரம் மெஷின்) கிக்கின் வாலை, அதாவது அடித்த பின் நீளும் ஒலியைப் பாருங்கள். 160இல் ஓர் அட்சரம் 93.75 மில்லி நொடி. மூன்று அட்சரம் சுமார் 281. கிக் மூன்றுக்கு ஒன்றாக விழும்போது அதன் கார்வை 280 மில்லி நொடிக்கு மேல் நீண்டால் அடுத்த கிக்கின் மேல் ஏறும். இரண்டு ஏறியதும் கீழ் ஒலி களியாகிவிடும். வாலை 250க்குள் வெட்டுங்கள். நீளமான பேஸ் வேண்டுமானால் அதைத் தனித் தடத்தில் வைத்து, கிக் விழும் நேரத்தில் அதன் ஒலி தாழும்படி அமையுங்கள்.

அடுத்தது துண்டுப் பாட்டு, அதாவது வேறொரு பாட்டிலிருந்து வெட்டி எடுக்கும் சாம்பிள். பழைய சோல் பாட்டு ஒன்றின் வேகம் 72 என்றால் அதை 80க்கு ஏற்றினால் போதும். 160இன் பாதியில் அது உட்கார்ந்துவிடும். தட்டைச் சுழற்றும் முறையில் ஏற்றினால் சுருதியும் ஏறக்குறைய இரண்டு அரைச்சுரம் உயரும். அந்தக் கீச்சுக் குரல் குறையல்ல, இந்த இசையின் முகமே அதுதான். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் ஏற்றும் வசதியைப் பயன்படுத்தினால் குரல் வழவழவென்று உயிரற்றுப் போகும்.

துண்டை நீளமாக வைக்காதீர்கள். ஒரு பீட் அளவு, 375 மில்லி நொடி, போதுமானது. அதை மூன்று அட்சரத்துக்கு ஒருமுறை திரும்பத் தொடங்க வையுங்கள். சொல் முடியுமுன் வெட்டுப்பட்டு அடுத்தது தொடங்கும்.

இவ்வளவும் செய்த பிறகு பாதியை அழியுங்கள். புதியவர்கள் பதினாறு இடத்தையும் நிரப்பிவிடுகிறார்கள். எட்டு ஆவர்த்தத்துக்கு ஒருமுறை கிக்கை எடுத்துவிட்டு வெறும் ஹை-ஹாட்டை (ஜால்ரா போன்ற மெல்லிய ஒலி) ஓடவிட்டால், ஆடுபவர் தன் காலால் அந்த இடத்தை நிரப்புவார். கருவி எதுவானாலும் பரவாயில்லை. ஆர்பி பூ ரோலண்ட் ஆர்-70 என்ற டிரம் மெஷினை வைத்தே இந்த இசையின் இலக்கணத்தை எழுதியவர். கைபேசி ஒலிபெருக்கியில் சரிபார்க்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலி அதில் வரவே வராது.

பிரேக்டான்ஸிலும் ஃபுட்வொர்க் உண்டே? — வாசகர், சேலம்

அது கையைத் தரையில் ஊன்றிக் காலைச் சுழற்றுவது. சிகாகோ ஆட்டத்தில் பெரும்பாலும் நின்றபடியே ஆடுவார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஷஃபிளோடு குழப்புபவர்களும் உண்டு. அது சீரான நான்கு அடிக்கு ஆடுவது, இதற்கு உறவில்லை.

வீட்டில் பழகத் தொடங்கினேன். கெண்டைக்காலும் முழங்காலும் வலிக்கின்றன. அடிகளை எந்த வரிசையில் பழகுவது? — வாசகி, கோயம்புத்தூர்

முதலில் வலி. உங்கள் வீட்டுத் தரை சிமெண்டா டைல்ஸா என்று எழுதவில்லை. இரண்டுமே அதிர்ச்சியை உள்வாங்காதவை. முன்பாதத்திலேயே நின்று ஆடுவதால் அந்த அதிர்ச்சி முழுவதும் கெண்டைக்கும் முழங்காலுக்குக் கீழுள்ள முன் எலும்புக்கும் போகிறது. மரப்பலகை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்தோடு நிறுத்தி இளைப்பாறுங்கள். முழங்கால் வலிக்குக் காரணம் பெரும்பாலும் காலணிதான்: ஆழமான பள்ளங்கள் உள்ள ஓட்டப்பந்தய ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளும், பாதம் திரும்பாது, முழங்கால் திரும்பும். அடி தட்டையான, சற்றே தேய்ந்த ஷூ போடுங்கள். வெறும் காலுறையோடு டைல்ஸில் ஆடவே ஆடாதீர்கள். முன் எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இனி அடிகள். கோஸ்ட், ஸ்கேட், எர்க் அண்ட் ஜெர்க், மைக்ஸ் என்று பெயர்கள் ஓடும். பெயரை மனப்பாடம் செய்வதைவிட அடியில் இருக்கும் வேலையைப் பிடியுங்கள். முதல் வேலை திருப்பல்: ஒரு காலின் குதிகாலும் மறுகாலின் முன்பாதமும் ஊன்றியிருக்க, இரண்டையும் ஒரே பக்கம் திருப்பி, பிறகு ஊன்றலை மாற்றுவது. உடல் பக்கவாட்டில் வழுக்கும். அடுத்து குறுக்கு: வலது காலை இடதுக்கு முன்னால் போட்டு, விரித்து, பின்னால் போடுவது. பிறகு பின்னிழுப்பு: எடை முன்காலில் இருக்க, பின்கால் சாய்வாகத் தரையை உரசிப் பின்னே போய்த் திரும்புவது. ஒவ்வொன்றையும் இருபக்கமும் பழகுங்கள். வலது மட்டும் ஓடும் ஆட்டக்காரர் களத்தில் இரண்டாம் சுற்றிலேயே பிடிபடுவார்.

யூடியூபில் வேகத்தை 0.75 வைத்தால் 160 பாட்டு 120க்கு இறங்கும். அங்கே தொடங்குங்கள். பாதம் உயர்ந்தால் அடி தாமதமாகும். தரையிலிருந்து ஒரு விரலுக்கு மேல் தூக்காதீர்கள். தோள் இறுகுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இறுகினால் நீங்கள் மூச்சை அடக்குகிறீர்கள்.

போட்டி எப்படி நடக்கும்? யார் தீர்ப்பு சொல்வது? — வாசகர், திருநெல்வேலி

வட்டமாக நிற்பார்கள். ஒருவர் உள்ளே வந்து எதிராளியின் முகத்துக்கு நேரே ஆடுவார். முடித்ததும் மற்றவர் பதில் ஆடுவார். 32 ஆவர்த்தம் ஆடினாலும் 48 நொடிதான், ஆனால் அதுவே நெஞ்சு முட்டும் நீளம். பல நேரம் நடுவர் கிடையாது, வட்டத்தின் கூச்சலே தீர்ப்பு. எதிராளி போட்ட அடியைத் திருப்பிப் போட்டு மேலே ஒன்றைச் சேர்ப்பதற்கு மதிப்பு. பாட்டு திடீரென்று வெறுமையாகும் இடத்தில் சரியாக நின்றால் கூச்சல் கூரையைப் பிளக்கும். டிஜேக்கள் புதுப்பாட்டை இங்கேதான் சோதிப்பார்கள்.

பெண்கள் இதில் உண்டா? இந்தியாவோடு தொடர்பு ஏதேனும்? — வாசகி, திருச்சி

உண்டு. ஜானா ரஷ் பதின்வயதிலேயே டான்ஸ் மேனியாவில் தட்டு வெளியிட்டவர். சிகாகோவுக்கு அருகே இண்டியானாவின் கேரி நகரத்துக்காரர் ஜேலின், இரும்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு செய்தவர். 2015இல் ‘டார்க் எனர்ஜி’, 2017இல் ‘பிளாக் ஒரிகாமி’ என்ற அவருடைய தொகுப்புகள் வந்தன. தாளவாத்தியக் குழுவான தர்ட் கோஸ்ட் பெர்கஷனுக்காக அவர் எழுதிய படைப்பு 2023 புலிட்சர் இசைப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இந்திய ஆட்டக் கலைஞர் ஏவ்ரில் ஸ்டார்மி அங்கரோடு அவர் மேடையில் இணைந்து பணியாற்றியிருக்கிறார். ஆனால் ஜேலின் பாட்டு களத்தில் ஆடுவதற்கென்று செய்தது அல்ல. ஆட்டத்துக்குக் கேட்பதானால் ஆர்பி பூவிலும் ரஷாடிலும் தொடங்குங்கள்.

பரதம் பத்தாண்டு கற்றவள். எனக்கு இது எளிதாக வருமா? — வாசகி, தஞ்சாவூர்

கணக்கு உடனே வரும், கால் வராது. தட்டடவில் உள்ளங்கால் முழுதும் தரையில் ஓசையோடு விழ வேண்டும். இங்கே ஓசை கேட்டால் அடி தவறு. அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் திறந்திருக்கும். இங்கே அது முன்னோக்கி, தளர்ந்து இருக்க வேண்டும். உங்கள் கால் பழக்கத்தால் திறந்துகொண்டே போகும். அதனால் முதல் ஒரு மாதம் திருப்பலை மட்டும் பழகுங்கள். சுவருக்கு முகம் காட்டி ஒரு சாண் தள்ளி நின்று ஆடிப் பாருங்கள்: அப்படி நின்றால் முழங்காலை அகல விரிக்கவும் முடியாது, பாதத்தை உயரத் தூக்கவும் முடியாது.