100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) இணையத் திட்டம் எடுத்தும் வீட்டில் இணையம் இழுத்து இழுத்து வருகிறது. புது ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். கூடத்தில் 90 காட்டும் வேகம் படுக்கையறையில் 15 ஆகிவிடுகிறது, மாலையில் காணொளிக் கூட்டத்தில் குரல் உடைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "எங்கள் பக்கம் லைன் சரியாக இருக்கிறது" என்று இணைய நிறுவனத்தார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வைஃபை 6 தலைமுறை ரவுட்டர் வாங்கினால் எல்லாம் தீரும் என்று கடைக்காரர் சொல்வது, விற்கிறவர் சொல்வது.

உறவினர் வீடுகளில் இந்த வழக்கு அடிக்கடி என்னிடம் வரும். நான் முதலில் கேட்பது, கேபிள் போட்டுப் பார்த்தீர்களா என்பதுதான். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து நேராக ஒரு லேன் கேபிளைச் செருகி வேகச் சோதனை செய்யுங்கள். மற்ற கருவிகளைச் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். எண் 90-க்கு மேல் வந்தால் வெளியிலிருந்து வரும் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு வீட்டுக்குள். கேபிளிலும் 20, 30 என்று தள்ளாடினால் நிறுவனத்தாரிடம் பேச உங்களுக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது. வைஃபையில் எடுத்த எண்ணைக் காட்டிப் புகார் செய்தால் அவர்கள் எளிதில் நழுவிவிடுவார்கள். அதில் நியாயமும் உண்டு.

இதிலே ஒரு சின்னக் கண்ணி. 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவர்கள் சிலருக்குக் கேபிளில் எப்போது பார்த்தாலும் 94-இலேயே நிற்கும். லைன் மோசம் என்று தோன்றும். உண்மையில் ரவுட்டரின் துளையோ கணினியின் துளையோ 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும். அல்லது கேபிளில் ஒரு கம்பி அறுந்திருக்கும். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் 8 கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். 100-க்கு 4 கம்பி போதும் என்பதால், மற்ற நான்கில் ஒன்று போனதும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்த கேபிளை முதலில் சந்தேகியுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கோப்பு இறங்கும்போது விநாடிக்கு 12 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது மெகாபைட் கணக்கு. 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் பன்னிரண்டரைதான் வரும்.

உங்கள் படுக்கையறைக்கு வருவோம். கூடத்தில் 90, உள்ளே 15 என்றால் உங்கள் செல்பேசி அங்கே போனதும் 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்குத் தாவியிருக்க வாய்ப்பு அதிகம். இவை வைஃபை இயங்கும் இரண்டு அலைவரிசைகள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும். அக்கம்பக்கத்து வீடுகளின் 2.4-உம் அப்படியே சுவரைத் தாண்டி உங்கள் வீட்டுக்குள் வரும். அந்த அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடியில் இருபது ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4-இன் சேனல் அகலம் 40 என்றிருந்தால் 20-க்குக் குறையுங்கள். சேனலை 1, 6, 11-இல் கூட்டம் குறைந்த ஒன்றாக வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் கொடுத்துவிட்டால் கருவி எதில் ஒட்டியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

ரவுட்டர் இருக்கும் இடத்தையும் பாருங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக என்று எங்கெல்லாம் வைக்கக்கூடாதோ அங்கெல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறேன். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும். யுஎஸ்பி 3 வன்வட்டு ஒன்றை ரவுட்டரிலேயே செருகி வைத்திருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். அந்த வகை இணைப்பு எழுப்பும் மின்னிரைச்சல் 2.4-ஐக் கெடுக்கும். ஆண்டெனா விஷயத்தில் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். படுக்கையறை அந்தப் பக்கம் என்பதால் குச்சியின் நுனியை அந்தப் பக்கம் நீட்டி வைப்பார்கள். அலை நுனியிலிருந்து பாய்வதில்லை, குச்சியின் பக்கவாட்டில் பரவுகிறது. நுனி நோக்கும் திசைதான் ஆகப் பலவீனமானது. ஒரே தளத்து வீடு என்றால் குச்சியை நேராக நிமிர்த்தி வைத்தால் போதும்.

ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்கினால் சிக்னல் செத்த அறையில் வைக்காதீர்கள். அங்கே அதற்கே நல்ல சிக்னல் கிடைக்காது, கிடைத்த குப்பையைத்தான் திருப்பி அனுப்பும். பாதி வழியில் வையுங்கள். அப்போதும், ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்பும் மலிவு வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். முடிந்தால் படுக்கையறை வரை ஒரு லேன் கேபிளை இழுத்து அதன் முனையில் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் கருவியாக, மாற்றி வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் இதற்கு ஈடான வழி வேறில்லை.

மாலை நேரப் பிரச்சினைதான் எனக்குச் சுவையானது. காணொளிக் கூட்டத்துக்கு நான்கைந்து எம்பிபிஎஸ் போதும். உங்களிடம் 90 இருக்கிறது. பிறகு ஏன் குரல் உடைகிறது? இதற்கு வேகச் சோதனை பதில் சொல்லாது, பிங் சொல்லும். ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டும் கட்டளை அது. கணினியில் கட்டளைச் சாளரத்தை இரண்டாகத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) மற்றொன்றில் 8.8.8.8-க்கும் (வெளியே இருக்கும் கூகுளின் முகவரி) பிங் ஓட விடுங்கள். விண்டோஸில் அது நான்கு தடவையோடு நின்றுவிடும். கட்டளையின் இறுதியில் ஒரு சிறு கோடும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடும். கூட்டம் உடைகிற நேரத்தில் இரண்டையும் பாருங்கள். ரவுட்டர் வரைக்குமான எண்ணே 2, 3 மில்லி விநாடியிலிருந்து 200-க்குத் துள்ளினால் குற்றவாளி வைஃபை. ரவுட்டர் வரை அமைதியாக இருந்து, வெளியே போகும் எண் மட்டும் எகிறினால் கோளாறு அதற்கு அப்பால்.

'அப்பால்' என்றதும் நிறுவனத்தைத் திட்டத் தொடங்காதீர்கள். எகிறும் அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய செல்பேசியாவது புகைப்படங்களை மேகத்துக்கு (இணையச் சேமிப்பிடத்துக்கு) ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பியதும் செல்பேசிகள் வைஃபையைப் பிடித்து, அன்றைய படங்களையும் வீடியோக்களையும் ஒரே மூச்சில் அனுப்பும். பல திட்டங்களில் பதிவேற்ற வேகம் பதிவிறக்கத்தைவிட மிகக் குறைவு. உங்களுடையது 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். அனுப்ப வேண்டியது அதற்கு மேல் வந்து குவிந்தால் ரவுட்டர் எதையும் தள்ளிவிடாமல் வரிசையில் அடுக்கி வைக்கிறது. ஒரு மெகாபைட் அப்படித் தேங்கினாலே, அது வெளியேற 0.8 விநாடி ஆகும். உங்கள் குரலின் ஒவ்வொரு துணுக்கும் சில நூறு பைட்டுகள்தான். மாதச் சாமான் பட்டியலோடு நிற்பவருக்குப் பின்னால் தீப்பெட்டி வாங்க நிற்பவரைப் போல அதுவும் அந்த 0.8 விநாடி காத்திருக்கிறது. குரல் உடைவதற்கு அது தாராளமாகப் போதும்.

இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து எழுதிய பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. சோதிப்பது எளிது. பிங்கை ஓட விட்டு, ஒரு பெரிய வீடியோவை ஏற்றத் தொடங்குங்கள். 15-இல் இருந்த எண் 400, 600 என்று ஏறி, ஏற்றத்தை நிறுத்தியதும் மடமடவென்று இறங்கினால் நோய் இதுதான். மருந்து ரவுட்டரிலேயே இருக்கலாம்: அமைப்புகளில் 'எஸ்கியூஎம்' அல்லது 'கியூஓஎஸ்' என்ற, வரிசையைக் கட்டுப்படுத்தும் பகுதியில் பதிவேற்ற வரம்பை உங்கள் உண்மை வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள், ஆனால் வரிசை நீளாது. அந்தப் பகுதி இல்லாத ரவுட்டர் என்றால் புகைப்படச் செயலியில் வசதி இருந்தால் 'சார்ஜ் ஏறும்போது மட்டும்' என்று மாற்றிவிட்டு, இரவில் சார்ஜ் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே அடங்கிவிடும்.

வீட்டில் யாரும் எதையும் ஏற்றாத நேரத்திலும், கேபிளில் இணைத்த கணினியிலும் பிங் எகிறினால் அப்போது நிறுவனத்தைப் பிடியுங்கள். தேதி, நேரம், கேபிளில் எடுத்த எண் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். நீங்கள் செய்யக்கூடியது ஃபைபர் எங்காவது கூர்மையாக மடங்கியோ மேசைக்கடியில் நசுங்கியோ இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. கழற்றி முனைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள். கூடாது. தளம் திறக்கத் தொடங்கும் முன் வரும் தயக்கம் குறையலாம், அவ்வளவே. 'வேகத்தைப் பெருக்கும்' செயலிகளைத் தொடவே தொடாதீர்கள். ரவுட்டரை நாள்தோறும் அணைத்துப் போட வேண்டியிருந்தால் அதன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பழைய அடாப்டரில் மின்னழுத்தம் தாழ்ந்து ரவுட்டர் தானாக மறுதொடக்கம் ஆவது உண்டு. மாற்றும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், முனையின் நேர், எதிர் அமைப்பும் பொருந்த வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், மூன்று நிலைமைகளில் வாங்குங்கள்: உங்கள் ரவுட்டர் 2.4 மட்டுமே தருகிறது. அல்லது தயாரித்தவர்கள் அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிட்டார்கள். அல்லது வரிசையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அதில் இல்லை, உங்களுக்கு அது தேவை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 3000, 5400 போன்ற எண்களைப் பார்க்காதீர்கள். அவை எல்லா அலைவரிசைகளின் ஏட்டளவு வேகத்தையும் கூட்டிப் போட்டவை. எந்தச் செல்பேசிக்கும் அது முழுதாகக் கிடைக்காது. உங்கள் செல்பேசியும் மடிக்கணினியும் வைஃபை 5 வரைதான் என்றால், வைஃபை 6-இன் புதுமையில் பெரும்பகுதி அவற்றுக்கு எட்டாது. கடைக்காரரிடம் அதை முதலில் கேளுங்கள்.