முற்றத்து வெளிச்சம் யாருடையது?

அன்புள்ள சார்,

அகமதாபாத்தில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஊரோடு ஒட்டாத மனிதர்களை சினிமாவில் செட் எப்படிக் காட்டுகிறது என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். டிம் பர்ட்டனின் ‘எட்வர்ட் சிசர்ஹேண்ட்ஸ்’ படத்தில் மலைமேல் கறுத்த மாளிகை, கீழே வெளிர்நிற வீடுகள். அந்த நிற முரணே மாளிகையில் இருக்கும் எட்வர்ட் வெளியாள் என்று சொல்லிவிடுகிறது. இதேபோல நிறத்தை வைத்து மற்ற படங்களையும் அட்டவணை போடலாமா? தமிழ் சினிமாவில் ஏன் இப்படி யோசிப்பதில்லை? படிக்க நூல்கள் சொல்ல முடியுமா? நான் இருக்கும் பி.ஜி. அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான். அதனால்தானோ என்னவோ, இந்தத் தலைப்பு பிடித்துப்போனது.

(பெயர் வேண்டாம் சார்)

*

அன்புள்ள மாணவிக்கு,

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அந்தக் கடைசி இரண்டு வரிக்காக. கடிதத்தில் உருப்படியான விஷயம் அதுதான். அதைக் கொண்டுபோய் வாலில் வைத்திருக்கிறீர்கள்.

நூல்களை உங்கள் கல்லூரி நூலகர் என்னைவிட நன்றாகச் சொல்வார். தமிழ் சினிமா பற்றிய புலம்பலை விடுங்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

எட்வர்டுக்கு வருவோம். 1990இல் வந்த படம். அந்தத் தெரு செட்டே அல்ல, ஃப்ளோரிடாவில் இருந்த நிஜமான குடியிருப்பு. கலை வடிவமைப்பாளர் போ வெல்ச் அந்த வீடுகளுக்கு நான்கு மங்கலான நிறங்களில் பெயின்ட் அடித்தார். இது எல்லா யூடியூப் வீடியோவிலும் இருக்கிறது, இப்போது உங்கள் கடிதத்திலும் வந்துவிட்டது. அவர் இன்னொன்றும் செய்தார். வீடுகளின் ஜன்னல்களைச் சின்னதாக்கினார். ஊரே உள்ளே பதுங்கிக்கொண்டு வெளியே சந்தேகமாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கட்டடக்கலை படிக்கிறவர் பெயின்டைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் தவறவிட்டால் நான் என்ன சொல்வது?

எப்படியும் மலைமேல் கறுப்பு மாளிகை கட்டி ஒருவனை அதில் உட்காரவைத்தால், அவன் வெளியாள் என்று குழந்தைக்கும் தெரியும். சாதாரண வீட்டில் அதைக் காட்டுவதுதான் கஷ்டம்.

சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’ (1956) பாருங்கள். சொந்தக் கிராமத்தை விட்டுக் காசிக்கு வந்த ஹரிஹரின் குடும்பம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் உயரச் சுவர், மேலே துண்டு வானம். மாடியில் வேறு ஆள். விநோதமாக ஒன்றும் கிடையாது. வெயில் மட்டும் நேராக இறங்குவதில்லை. கீழே வந்து சேரும்போது நிழல் விழாத சாம்பல் வெளிச்சமாக இருக்கிறது.

அந்த முற்றம் காசியில் இல்லை, கல்கத்தா ஸ்டுடியோ ஒன்றுக்குள் இருந்தது. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைத் திறந்தவெளியில் போடத்தான் நினைத்திருந்தார். மழைக்குப் பயந்து உள்ளே போட வேண்டியதாயிற்று. ஸ்டுடியோ கூரைக்கடியில் வானத்து வெளிச்சத்துக்கு எங்கே போவது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா ரே, பன்சி இருவரிடமும் வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. கடைசியில் முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் படம் எடுத்தார்.

எல்லோரும் இதை ஒரு தொழில்நுட்ப சாதனையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கோபம் வரும். அந்தத் துணி இல்லையென்றால் ஹரிஹரின் மனைவி சர்வஜயா அந்த வீட்டில் யார் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. கிராமத்து வீடு இடிந்து கிடந்தாலும் அவர்களுடையது, வெயிலும் மழையும் நேராக அவள் தலையில் விழுந்தன. இங்கே வெளிச்சம்கூட நாலு சுவரைத் தாண்டித்தான் அவளிடம் வருகிறது. மாடியில் இருக்கும் நந்தபாபு, அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து சமையலறைக்குள் நுழைகிறார். அவள் அரிவாள்மனையைக் காட்டி விரட்டுகிறாள். அந்த ஆள் அன்றைக்குத்தான் உள்ளே வந்தார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கீழே நடப்பதெல்லாம் மேலே தெரிகிற அந்த வீட்டில் குடிவந்த அன்றே அவளுக்குக் கதவு இல்லாமல் போய்விட்டது.

எனக்கு இது படம் பார்த்துத் தெரிந்ததல்ல. சைதாப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன் நான். வீட்டுக்காரர்கள் மாடியில். அந்த அம்மாள் ஈரப் புடவையைக் கைப்பிடிச் சுவரிலிருந்து தொங்கவிட்டால், காலை பத்து மணிக்கு எங்கள் சமையல்கட்டு இருட்டிவிடும். அம்மா லைட்டைப் போடுவாள். தனி மீட்டர் கிடையாது. “பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?” என்று மேலிருந்து குரல் வரும். கேட்பது அதே அம்மாள்தான், புடவையை அப்போதுதான் உதறிப் போட்டிருப்பார். அம்மா மறுபேச்சுப் பேச மாட்டாள். லைட்டை அணைத்துவிட்டு, அரிசி முறத்தை நிலைப்படிக்கு எடுத்து வந்து கல் பொறுக்குவாள். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அந்தப் புடவையைப் பிடித்து இழுக்கலாம் போலிருக்கும். எட்டாது.

சரி, பன்சி. 1924இல் சியால்கோட்டில் பிறந்த காஷ்மீரி. வங்காளி அல்ல. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் ‘தி ரிவர்’ படம் எடுக்க வங்காளம் வந்தபோது அதன் கலைப் பிரிவில் வேலை பார்த்தவர். பிறகு ரேயின் வங்காள வீடுகளை ஒவ்வொன்றாக அவர்தான் கட்டினார். அந்த முற்றத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது, வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் பட்டது என்று நான் நினைக்கிறேன். என் ஊகம்தான். ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரேயின் ‘சாருலதா’ (1964) இந்த வாதத்துக்கு இடிக்கும் என்று நீங்கள் சொல்லலாம். அங்கே சாருவுக்குப் பெரிய வீடு, வேண்டிய வெளிச்சம், கேள்வி கேட்க மாடியில் யாரும் இல்லை. அப்படியும் அவள் ஜன்னல் ஜன்னலாகப் போய், மரப்பட்டிகளை விலக்கி, கையில் பைனாகுலரை வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். ஆமாம், இடிக்கத்தான் செய்கிறது. அதை ஆய்வேட்டில் எழுதுங்கள், நிற அட்டவணையைவிட சுவாரசியமாக இருக்கும்.

அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தக் காசி வீட்டின் தரைப்படத்தைப் படம் பார்த்தே வரையுங்கள். படிக்கட்டு எங்கே, அடுப்பு எங்கே, யார் எங்கே நின்றால் யாரைப் பார்க்க முடியும் என்று குறியுங்கள். அப்புறம் உங்கள் அறையையும் வரைந்து, எத்தனை மணிக்கு எவ்வளவு தூரம் வெளிச்சம் உள்ளே வருகிறது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். அனுப்பியதும் வேறு அறை இருக்கிறதா என்று பி.ஜி.க்காரர்களிடம் கேளுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.