கீழ்த்தாடை ஆளுக்கு ஆள் மாறும்: பல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்க மூன்று ஊசி போட்டார்கள், டாக்டர். உதடு முழுக்க மரத்துவிட்டது. பல்லைத் தொட்டால் மட்டும் உயிர் போகிறது. "பயப்படுறீங்க, அதான்" என்றார்கள். பயத்தால் இப்படி ஆகுமா?

பயம் வலியைக் கூட்டும்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் பழியைப் பயத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

கீழ்ப்பற்களுக்கு உணர்வு தரும் நரம்பு, தாடையின் பின்பகுதியில் உட்புறமாக இருக்கும் ஒரு துளை வழியாக எலும்புக்குள் நுழைகிறது. நுழையும் முன்பே அதன் பக்கத்தில் மருந்தைச் சேர்க்க வேண்டும். அந்தத் துளை எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. கண்ணுக்கும் தெரியாது. வாய்க்குள் தெரிகிற அடையாளங்களை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் குத்துகிறோம். அதனால் கைதேர்ந்தவர்களுக்கும் இந்த ஊசி சில சமயம் தவறும்.

உதடே மரக்கவில்லை என்றால், பெரும்பாலும் மருந்து நரம்பிடம் போய்ச் சேரவில்லை. உதடு மரத்தும் பல் வலித்தால் கதை வேறு. பல்லின் உள்ளே இருக்கும் சதை கடுமையாக அழன்று போயிருக்கலாம். அப்படிப்பட்ட நரம்பு மருந்துக்குச் சுலபமாக அடங்காது. இல்லையென்றால் வேறொரு கிளை நரம்பு வேலை செய்கிறது. மைலோஹயாய்டு நரம்பு, துளைக்கு மேலேயே பிரிந்துவிடும். சிலருக்கு அதிலிருந்து ஒரு இழை தாடையின் உட்புறம் வழியாகப் பல்லுக்கும் போகும்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. பல்லின் உட்பக்க ஈறில் கொஞ்சம் மருந்து போடலாம். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள நார்ப்பகுதியில் போடலாம். ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் கோ-கேட்ஸ் 1973இல் வெளியிட்ட முறையில், இன்னும் மேலே, தாடை மூட்டின் கழுத்துப் பக்கமாகவும் போடலாம். கிளைகள் பிரிவதற்கு முன்பே நரம்பு அங்கே அகப்படும். அடுத்த முறை "உதடு மரத்தது, பல் மரக்கவில்லை" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எந்தப் பக்கம் தேடுவது என்று மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: நான் பிடிஎஸ் இறுதியாண்டு. கீழ்த்தாடை எலும்புக்குள் நரம்பு ஓடும் குழாய் இரண்டாகப் பிரிந்திருப்பது அபூர்வம் என்று படித்தோம். இப்போது அடிக்கடி வரும் என்கிறார்கள். எது சரி, மேடம்?

எதில் பார்த்தார்கள் என்று கேளுங்கள் அம்மா. ஓபிஜி, அதாவது தாடை முழுவதையும் ஒரே தட்டையான படமாகக் காட்டும் எக்ஸ்ரே, அதை வைத்து எண்ணிய பழைய ஆய்வுகள் பலவற்றில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வந்த பிறகு அதைவிடப் பல மடங்கு கிடைத்தது. தாடை மாறவில்லை, படம்தான் தெளிவானது. ஞானப்பல்லுக்குப் பின்னால் எலும்பில் திறக்கும் ரெட்ரோமோலார் குழாயையும் மறக்காதீர்கள். அங்கே கத்தி வைக்கும்போது எதிர்பாராத ரத்தம் வந்தால் அதையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயில் முன்கடைவாய்ப் பல்லின் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். ரூட் கெனால் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு வலியே இல்லை.

கொஞ்சம் பொறுங்கள். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் போகும் நரம்பு வெளியே வருகிற மென்டல் துளை அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவது முன்கடைவாய்ப் பல்லின் கீழே, அல்லது இரண்டு முன்கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே. அது வேர் நுனியின் மேல் விழுந்தால் சீழ்க்கட்டி மாதிரியே தெரியும். குளிர்ச்சி வைத்துப் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோணத்தை மாற்றி இன்னொரு படமும் எடுக்கட்டும். வட்டம் வேரை விட்டு நகர்ந்தால் அது துளை. சிலருக்கு பக்கத்திலேயே இரண்டாவது துளையும் இருக்கும். வலியில்லாமல் சீழ் பிடிப்பதும் உண்டு என்பதால், சோதிக்காமல் விட்டுவிடவும் வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது. கீழ்ப் பல்செட் போட்டுக் கடித்தால் ஷாக் அடிப்பதுபோல் உதடுவரை இழுக்கிறது என்கிறார்.

பல் போனபின் எலும்பு மேலிருந்து கரைந்துகொண்டே வரும். முன்பு எலும்பின் நடு உயரத்தில் இருந்த அதே மென்டல் துளை, கடைசியில் ஈறு மேட்டுக்கே வந்துவிடும். செட் நேராக நரம்பின் மேல் உட்காருகிறது. அந்த இடத்தில் மட்டும் செட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டி விட்டால் போதும். அம்மா சொல்வதை நம்புங்கள். ஒருவேளை உதடு செட் போடாதபோதும் மரத்திருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். அதற்கு வேறு காரணம் இருக்கலாம்.

கேள்வி: எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், இம்ப்ளாண்ட், இரண்டு வைக்க சிடி ஸ்கேன் அவசியமா? ஓபிஜி போதாதா?

ஓபிஜி தட்டையான படம், அளவைப் பெரிதாக்கியும் காட்டும். உயரம் ஓரளவு தெரியும், அகலம் தெரியாது. கீழ்க் கடைவாயின் உட்பக்கம் பலருக்கு எலும்பு குழிந்திருக்கும். டிரில் அதைத் துளைத்து அங்குள்ள ரத்தக்குழாயைத் தொட்டால், வாயின் அடிப்பகுதி வீங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சே அடைக்கலாம். தாடையின் முன்பகுதி ஆபத்தில்லாதது என்று நினைப்பதும் தவறு. நடுவிலேயே உட்புறம் ஒரு தமனி நுழைகிற சிறு துளை உண்டு. இம்ப்ளாண்ட் நரம்புக் குழாயிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டராவது விலகி நிற்க வேண்டும். அந்த அளவை எடுக்க சிபிசிடிதான் எனக்கு நம்பிக்கை. செலவு செய்யுங்கள்.

கேள்வி: நாக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் கல் மாதிரி கட்டி. புற்றுநோயோ என்று தூக்கமே இல்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, முன்கடைவாய்ப் பற்களின் உட்புறத்தில், எலும்போடு ஒட்டிக் கெட்டியாக, பல வருடமாக அப்படியே இருந்தால் பெரும்பாலும் டோரஸ். தீங்கில்லாத எலும்பு மேடு. பல்செட் வைக்க இடைஞ்சலானால் மட்டும் எடுப்போம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, மேலே புண் இருந்தாலோ இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.