பெட்டி பிரிக்காத வின்செஸ்டர்: நினைவுத் துப்பாக்கிகள் பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடமாக அமெரிக்காவில் பழைய வின்செஸ்டர், கோல்ட் துப்பாக்கிகளைச் சேர்த்து வருகிறேன். ஒரு நிகழ்ச்சியையோ மனிதரையோ கொண்டாட வெளியிட்ட நினைவுப் பதிப்புகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். விலை கேட்பவர்கள் மூன்று விவரம் எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, அசல் பெட்டி இருக்கிறதா, சுட்டிருக்கிறதா.

டல்லாஸ்: பக்கத்து வீட்டுத் தாத்தா வைத்திருந்த 1966 வின்செஸ்டர் நூற்றாண்டு ரைஃபிளை 3,000 டாலருக்குத் தருகிறார்கள். தங்க முலாம் பூசியது, பெட்டியோடு இருக்கிறது. வாங்கலாமா சார்?

அந்த விலைக்கு வேண்டாம். வின்செஸ்டர் நிறுவனம் 1866இல் தொடங்கியதன் நூறாண்டு நினைவாக வந்தது அது. எண்கோணக் குழல், பளபளவென்ற தங்க நிற ரிசீவர் (குழலுக்குப் பின்னால் இயக்கும் பாகங்கள் இருக்கும் நடு உடல்). கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் எத்தனை செய்தார்கள் தெரியுமா? 1 லட்சத்துக்கும் மேல். அடுத்த வருடம் வந்த கனடா நூற்றாண்டுப் பதிப்பு சுமார் 90,000. ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சிகள் நடத்திய பஃபலோ பில் நினைவாக 1968இல் வந்த பதிப்பும் 1 லட்சத்தைத் தாண்டியது. வாங்கியவர்களில் பாதிப்பேர் ‘நாளைக்கு விலை ஏறும்’ என்று பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பரணில் ஏற்றிவிட்டார்கள். இந்தப் பதிப்புகளுக்கு அடிப்படை 1894இல் வந்த மாடல் 94 ரைஃபிள். அந்தச் சாதாரண மாடலைப் பண்ணைக்காரர்கள் சேணத்தில் செருகி, மழையில் நனைத்து, தேய்த்துத் தீர்த்தார்கள். அதனால் அதில் நல்ல நிலையில் மிஞ்சியது கொஞ்சம். நினைவுப் பதிப்போ மொத்தமாக மிஞ்சிவிட்டது. எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எப்படித் தட்டுப்பாடு வரும்?

இன்னொன்றும் உண்டு. 1964இல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் தயாரிப்பு முறையை மாற்றியது. அதற்கு முன் வந்ததைத்தான் சேகரிப்பாளர்கள் ‘ப்ரீ-64’ என்று தேடித்தேடி வாங்குகிறார்கள். பெரும் எண்ணிக்கையில் வந்த நினைவுப் பதிப்புகள் எல்லாம் அந்த மாற்றத்துக்குப் பின்னால் பிறந்தவை. 1,000 டாலர் வாக்கில் கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள். முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

சான் ஹோசே: அப்படியானால் எந்த நினைவுப் பதிப்புக்குமே மதிப்பில்லையா?

அப்படிச் சொல்லவில்லை. எண்ணிக்கையைப் பாருங்கள் என்கிறேன். 1964இல் வந்த வயோமிங் மாநில வைர விழாப் பதிப்பு 1,500தான். அது சந்தைக்கு வந்தால் நானே போய் நிற்பேன். கோல்ட் 1961இல் இலினாய் மாநிலத்தின் ஜெனிசியோ ஊருக்காக வெளியிட்ட டெரிஞ்சர் என்ற சின்னக் கைத்துப்பாக்கி 104 மட்டுமே. லட்சக்கணக்கில் செய்ததிலும் கொஞ்சமாகச் செய்ததிலும் ‘நினைவு’ என்றுதான் போட்டிருக்கும். விலை வேறு உலகம்.

நியூ ஜெர்சி: தங்க முலாம் பூசிய ரிசீவர் மங்கலாக இருந்தது. பித்தளை பாலிஷ் போட்டுத் துடைத்தேன், இப்போது சில இடங்களில் வெள்ளையாகத் தெரிகிறது. சரிசெய்ய முடியுமா அண்ணா?

முடியாது தம்பி. குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்க்கக் கூடாது. விளக்கு முழுக்கப் பித்தளை. இது மெல்லிய முலாம். போனது போனதுதான். மறுபடி முலாம் பூசினால் பளபளப்பு வரும், சேகரிப்பாளர் விலை வராது. தயவுசெய்து யாரும் தேய்க்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணி, ஒரு சொட்டு எண்ணெய், கையில் உறை. அவ்வளவு போதும்.

அட்லாண்டா: கோல்ட் நினைவு ரிவால்வர், மரப்பேழையில் இருக்கிறது. சுட்டதில்லை. நண்பர்கள் வந்தால் தோட்டா உருளையைச் சுழற்றிக் காட்டுவேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் உருளையைச் சுற்றி மெல்லிய கோடு விழும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வளையம் மாதிரி தெரியும். வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். அந்தக் கோடு இருந்தால் ‘பெட்டி புதுசு’ என்று விற்க முடியாது.

அப்புறம், பேழையிலேயே வருடக்கணக்கில் வைக்காதீர்கள். நான் ஒரு கண்காட்சியில் கோல்டன் ஸ்பைக் ரைஃபிள் வாங்கினேன். 1869இல் யூட்டாவில் இரண்டு ரயில் பாதைகள் இணைந்ததன் நூறாண்டு நினைவாக 1969இல் வந்தது. விற்றவர் ‘தொட்டதே இல்லை’ என்றார், உண்மைதான். வீட்டில் வந்து முழுதாக வெளியே எடுத்தால், குழலின் அடிப்பக்கம் பஞ்சு பட்டிருந்த இடம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துரு. பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோல் உறையும் அப்படித்தான். வாங்கும் முன் வெளியே எடுத்து அடிப்பக்கம் பாருங்கள்.

சென்னை: அமெரிக்காவிலிருந்து ஒன்று வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

அது சட்டக் கேள்வி. இந்திய ஆயுதச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள்.

ஹூஸ்டன்: நடிகர் ஜான் வெய்ன் நினைவாக 1981இல் வந்த வின்செஸ்டர், ஓய்வுபெற்ற நண்பர் கொடுத்தது. சுடலாமா?

கூடாது. 50,000 செய்தார்கள். அதனால் சுடாமல், பெட்டி, காகிதம் எல்லாம் இருந்தால்தான் ஏதோ ஒரு விலை.

அதே ஹூஸ்டன் அன்பர்: சுடாத துப்பாக்கி செத்த பொருள் சார். அந்த மனிதரின் பெயரையே கொண்ட துப்பாக்கியைக் கண்ணாடிக்குள் வைத்தால் அவரை மதித்ததாகுமா? வெளியீட்டு விலையே 600 டாலர். இன்றைய மதிப்பில் 2,000க்கு மேல். அந்த அளவுக்கு இன்று யாரும் கொடுப்பதில்லை என்று நீங்களேதான் வேறிடத்தில் எழுதினீர்கள். நஷ்டமான முதலீட்டைக் காத்து என்ன பயன்?

டென்வர்: அவர் சொல்வது சரி. என்னுடையதில் பத்து வருடமாகச் சுடுகிறேன். தோட்டா ஏற்றும் பெரிய வளைய லீவரைக் கையுறை போட்டுக்கொண்டு இயக்க அவ்வளவு சுகம்.

பாஸ்டன்: இப்படி எல்லாரும் சுட்டால்தான் என் பெட்டிக்கு விலை ஏறும். சுடுங்கள்!

மற்ற கேள்விகளை நிறுத்திவிட்டு இதற்கு வருகிறேன், ஏனென்றால் ஹூஸ்டன் அன்பர் என்னை யோசிக்க வைத்துவிட்டார். கணக்கில் அவர் சொல்வது சரி. 600 டாலரை 1981இல் வங்கியில் போட்டிருந்தாலே இதைவிட வந்திருக்கும். பாஸ்டன் அன்பரின் கணக்கும் தப்பில்லை, ஆனால் 50,000 குறைய அவர் வெகுகாலம் காத்திருக்க வேண்டும்.

நான் கவலைப்படுவது வேறு. அந்த ரைஃபிளை .32-40 என்ற வகைத் தோட்டாவுக்காகச் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டா, கடையில் நினைத்தபோது கிடைக்காது. ஜான் வெய்ன் படத்தோடு அப்போது வந்த தோட்டாப் பெட்டியையே தனியாகச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பிரித்துச் சுட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பொருள் போகிறது. சுட ஆசை என்றால், ஏற்கெனவே யாரோ சுட்ட, பெட்டி தொலைந்த ரைஃபிளைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சுடுங்கள். டென்வர் அன்பரின் ரைஃபிள் அந்த வகை, அவர் தாராளமாகச் சுடட்டும். நண்பர் பெட்டியோடு கொடுத்ததை மட்டும் விட்டுவையுங்கள். ஒருமுறை சுட்டதைச் சுடாததாக ஆக்க முடியாது.

ஹூஸ்டன்: சரி சார், சுட்ட ஒன்றைத் தேடுகிறேன். ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டாம். பெட்டி பத்திரம்.

ஃபீனிக்ஸ்: பஃபலோ பில் ரைஃபிள் இருக்கிறது. என்ன விலை போகும்?

பெட்டி? சுட்டதா? முதல் பத்தியைப் படியுங்கள்.

சிகாகோ: பஃபலோ பில், பெட்டி இல்லை. விலை?

1 லட்சத்துக்கு மேல் இருக்கிறது, பெட்டியும் இல்லை. சாதாரண மாடல் 94 விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டாம்பா: ஒரு தனியார் நிறுவனம் விளம்பரத்தில் ‘500 மட்டுமே’ என்று 24 காரட் தங்க வேலைப்பாட்டோடு விற்கிறது. எண்ணிக்கை குறைவுதானே?

நல்ல கேள்வி. துப்பாக்கித் தொழிற்சாலை வெளியிட்டதா, வெளியே யாரோ வாங்கி வேலைப்பாடு செய்து விற்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை என்றால், மறுபடி விற்கும்போது பெரும்பாலும் அடியில் இருக்கும் துப்பாக்கியின் விலைதான் கிடைக்கும். அலங்காரத்துக்குக் கொடுத்த பணம் திரும்பாது. 500 பேர் வாங்குவது முக்கியமில்லை. 501ஆவது ஆள் ஒருவர் தேட வேண்டும்.

சியாட்டில்: பஃபலோ பில் ரைஃபிளில் முலாம் மங்கிவிட்டது. எந்த பாலிஷ் நல்லது?

எதுவும் வேண்டாம். தேய்க்காதீர்கள்.